நம்பிக்கையா, கசப்பா? ஆட்டிசத்தோடு வாழ்வது பற்றிய கேள்விகளும் பதில்களும்

முப்பது வயதைக் கடந்த பிறகுதான் எனக்கு ஆட்டிசம் இருப்பது உறுதியானது. அன்றிலிருந்து என்னைப் போன்ற பெரியவர்களோடும் பெற்றோர்களோடும் தொடர்ந்து பேசிவருகிறேன். நான் மருத்துவர் இல்லை. படித்ததையும் வாழ்ந்து அறிந்ததையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி (மதுரை, 24 வயது இளைஞர்): அக்கா, எல்லோரும் "நல்லதையே நினை" என்கிறார்கள். பள்ளியிலிருந்து நான் பார்த்ததெல்லாம் கேலியும் ஒதுக்கலும்தான். எதையும் எதிர்பார்க்காமல் இருந்தால் ஏமாற்றமாவது மிச்சம். இப்படி நினைப்பது தவறா?

பதில்: தவறில்லை தம்பி. அத்தனை வருடம் கேலிக்கு ஆளானவர் அடுத்த ஆளிடமும் அதையே எதிர்பார்ப்பது இயல்பு. உங்களைப் பார்த்து "நல்லதையே நினை" என்பவர்கள் அந்த வகுப்பறையில் உட்கார்ந்தவர்கள் இல்லை.

ஆனால் உங்கள் கசப்புக்குள் இரண்டு கூற்றுகள் கலந்து கிடக்கின்றன. "அந்தப் பள்ளியும் அந்த மனிதர்களும் என்னை நோகடித்தார்கள்" என்பது நடந்தது. "எந்த இடமும் அப்படித்தான் இருக்கும்" என்பது நீங்களாக எழுதிக்கொண்ட விதி. ஓர் அனுபவத்திலிருந்து உடனே விதி வகுப்பது நம்மில் பலருக்குக் கைவந்த கலை. கணக்கில் அது உதவும், மனிதர்கள் விஷயத்தில் அவசரப்பட்டுவிடும்.

இரண்டாவது கூற்றைச் சோதித்தவர்கள் இருக்கிறார்கள். டேமியன் மில்டன், தாமே ஆட்டிசம் உள்ள பிரிட்டன் ஆய்வாளர், 2012-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். நமக்கும் மற்றவர்களுக்கும் இடையே புரிதல் முறிவது நம் ஒருவர் குறையால் மட்டும் நிகழ்வதில்லை, அவர்களுக்கும் நம்மைப் புரிவதில்லை என்றார். 2020-இல் கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் ஒரு கதையை ஒருவர் காதிலிருந்து அடுத்தவர் காதுக்கென எட்டுப் பேர் வழியாகக் கடத்திப் பார்த்தார்கள். எட்டுப் பேரும் ஆட்டிசம் உள்ளவர்களாக இருந்தபோது, ஆட்டிசம் இல்லாத எட்டுப் பேருக்குச் சமமாகவே கதை போய்ச் சேர்ந்தது. இரு வகையினரும் கலந்த வரிசையில்தான் தேய்ந்தது. 2025-இல் வெளியான பெரிய ஆய்வில் கலப்பு வரிசையிலும் அந்தத் தேய்மானம் தென்படவில்லை. இரண்டு ஆய்வுகளிலும் மாறாமல் நின்றது ஒன்று: நாம் நமக்குள் பேசும்போது மற்றவர்களை விடக் குறைவாகப் புரிந்துகொள்வதில்லை.

ஆகவே எல்லோரிடமும் நம்பிக்கை வையுங்கள் என்று கேட்க மாட்டேன். உங்களுக்குப் பிடித்த ஒன்றைச் சுற்றிக் கூடும் சிறு கூட்டம் ஒன்றைத் தேடுங்கள்: சதுரங்கம், ரயில், பறவை நோக்கல், எதுவானாலும் சரி. அங்கே பேச்சுக்கு ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கும், முகம் பார்த்துச் சிரித்தாக வேண்டிய கட்டாயம் குறையும்.

கேள்வி (திருநெல்வேலி, ஓர் அம்மா): என் மகனுக்கு ஆறு வயது, பேச்சு வரவில்லை. ஒரு மருத்துவர் "பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள்" என்றார். இணையத்தில் தேடினால் மேதைகளின் கதைகளாக வருகின்றன. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்ப வேண்டாம் அம்மா. ஆறு வயதுப் பிள்ளையின் நாற்பதாவது வயதை யாராலும் சொல்ல முடியாது. மேதைக் கதைகள் வேறு விதத்தில் கொடுமையானவை. பிள்ளை மேதையாக இருந்தால்தான் மதிப்பு என்று அவை நம்மை நினைக்க வைத்துவிடுகின்றன.

உங்களுக்கு ஒரு வாழ்க்கையைச் சொல்கிறேன். 1943-இல் லியோ கேனர் என்ற அமெரிக்கக் குழந்தை மனநல மருத்துவர் ஆட்டிசம் பற்றி எழுதிய முதல் கட்டுரையில் பதினொரு பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களில் முதலாமவர் டொனால்டு டிரிப்லெட், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில் 1933-இல் பிறந்தவர். நான்கு வயதை எட்டும் முன்பே, மருத்துவர்கள் சொன்னார்கள் என்று பெற்றோர் அவரை வீட்டிலிருந்து பிரித்து ஒரு விடுதியில் விட்டார்கள். ஏறக்குறைய ஒரு வருடத்தில் திரும்ப அழைத்துவந்துவிட்டார்கள். பிறகு சில காலம் ஊருக்கு அருகில் ஒரு விவசாயத் தம்பதியிடம் வளர்ந்தார். டொனால்டுக்கு எண்களின் மீதும் அளவுகளின் மீதும் தீராத பிடிப்பு. அந்த விவசாயி அதைத் தடுக்கவில்லை. கிணறு தோண்டச் சொல்லி ஆழத்தை அளந்து சொல்லச் சொன்னார். உழும்போது மக்காச்சோள வரிசைகளை எண்ணிக்கொண்டே போக விட்டார். டொனால்டு பின்னாளில் கல்லூரிப் பட்டம் பெற்றார், சொந்த ஊர் வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், தனியாகப் பல நாடுகளுக்குப் போய்வந்தார். 2023-இல், 89 வயதில் காலமானார்.

1971-இல் கேனர் அதே பதினொரு பேரையும் தேடிப்போனார். அரசு மனநல விடுதிகளில் விடப்பட்டவர்கள் குழந்தைப்பருவத்தில் இருந்த துடிப்பையும் இழந்து ஒடுங்கிப்போயிருந்தார்கள். அங்கே சேர்ப்பது ஆயுள் தண்டனைக்குச் சமமாகிவிட்டது என்ற பொருளில் அவரே எழுதினார். பிள்ளைகளிடம் வேறுபாடுகள் இருந்தன, உண்மைதான். ஆனால் யார் எங்கே வளர்ந்தார்கள் என்பது அவர்கள் வாழ்க்கையை எவ்வளவு மாற்றியது என்று பாருங்கள்.

டொனால்டின் குடும்பம் வசதியானது. வங்கியே அவர்கள் குடும்பத்தோடு தொடர்புடையது. அதை மறைத்துக் கதை சொல்வது உங்களை ஏமாற்றுவதாகும். வங்கி நமக்கு வாய்க்காது. எண்ணுகிற பிள்ளையை எண்ண விட்ட அந்த விவசாயியைப் போன்ற ஒருவர் நம் ஊரிலும் கிடைப்பார்.

பேச்சுக்குக் காத்திருக்கும் காலத்தில் மகன் மௌனமாக இருக்க வேண்டியதில்லை. படஅட்டைகள், படத்தைத் தொட்டால் குரல் கொடுக்கும் டேப்லெட் செயலிகள் இருக்கின்றன. இவை பழகினால் பேச்சு வராமல் போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. தண்ணீர் வேண்டும் என்பதையும், வயிறு வலிக்கிறது என்பதையும், "வேண்டாம்" என்பதையும் அவனால் சொல்ல முடிந்தால் அவன் கோபத்தில் பாதி குறையலாம். குணப்படுத்திவிடுவோம் என்று ஸ்டெம் செல் ஊசிக்கு லட்சக்கணக்கில் கேட்பவர்களிடம் போகாதீர்கள். அது ஆட்டிசத்துக்குப் பலன் தரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

கேள்வி (யாழ்ப்பாணம், ஓர் அம்மா): நான் வேலைக்குப் போனதால்தான், கைபேசியைக் கொடுத்ததால்தான் பிள்ளை இப்படி ஆனான் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். என்னால் நிமிரவே முடியவில்லை.

பதில்: நிமிருங்கள் அம்மா. தாயின் அன்புக் குறைவே காரணம் என்ற பழியை ஒரு காலத்தில் படித்த நிபுணர்களே சுமத்தினார்கள். அமெரிக்காவில் புகழ்பெற்றிருந்த உளவியலாளர் புரூனோ பெட்டல்ஹைம் அதை ஊரெங்கும் பரப்பினார். பெர்னார்ட் ரிம்லாண்ட், ஆட்டிசம் உள்ள பிள்ளையின் தந்தை, 1964-இல் அதை எதிர்த்து நூல் எழுதி உடைத்தார். ஆட்டிசத்தில் மரபணுக்களின் பங்கு பெரிது என்பதை இரட்டையர் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. உங்கள் சொந்தக்காரர்கள் அறுபது வருடத்துக்கு முன் தோற்றுப்போன வாதத்தைக் கைபேசி சேர்த்துச் சொல்கிறார்கள்.

கேள்வி (சென்னை, 33 வயதுப் பெண்): அலுவலகத்தில் நான் கலகலப்பானவள் என்று பெயர். வீட்டுக்கு வந்தால் ஒரு வார்த்தை பேச முடிவதில்லை. முன்பு பிடித்த இசைகூட இப்போது எரிச்சலூட்டுகிறது. எல்லாம் வீண் என்று தோன்றுகிறது. நான் கசந்துபோனவளா?

பதில்: களைத்துப்போனவள் என்று நினைக்கிறேன், தங்கையே. நாள் முழுக்கப் பிறர் முகத்தைப் பார்த்து நம் முகத்தைச் சரிசெய்துகொண்டே இருப்பது கடும் உழைப்பு. அது பல மாதம் நீடித்தால் பேச்சு குறையும், சத்தமும் வெளிச்சமும் முன்னைவிட வதைக்கும், தெரிந்த வேலையும் கைகூடாது. நம்மவர்கள் இதை எரிந்தணைதல் என்கிறார்கள். உற்சாகப் பேச்சு இதற்கு மருந்தாகாது. சுமையைக் குறைக்க வேண்டும்.

வேலையை விட முடியாது, தெரியும். நடிப்பின் ஒரு பகுதியையாவது விடுங்கள். மதிய உணவைத் தனியாகச் சாப்பிடுவதாக அறிவித்துவிடுங்கள். கூட்டங்களில் கேமராவை அணைக்க அனுமதி கேளுங்கள். வீடு வந்ததும் ஒரு மணி நேரம் இருட்டறை, யாரும் கேள்வி கேட்கக் கூடாது. முதலில் ஆபத்து குறைந்த ஒருவரிடம் உண்மையைச் சொல்லிப் பாருங்கள்.

மனநல மருத்துவரையும் பாருங்கள். களைப்போடு மனச்சோர்வும் சேர்ந்திருக்கலாம், அதற்குச் சிகிச்சை உண்டு. தன் இயல்பை மறைத்து வாழ்வதற்கும் தற்கொலை எண்ணத்துக்கும் தொடர்பு இருப்பதை 2018-இல் சாரா காசிடி குழுவினரின் ஆய்வு காட்டியது. அதனால் நேரடியாகவே கேட்கிறேன்: அப்படி எண்ணம் வந்தால் 14416-ஐ அழையுங்கள். டெலி மனஸ் என்ற அரசின் இலவச உதவி எண் அது. தமிழில் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம்): கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?

பதில்: ஆகாது. விருப்பம் இருந்தால் செய்துகொள்ளுங்கள், ஆனால் ஆட்டிசத்தைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். மறைத்து நடத்தும் கல்யாணத்தில் இரண்டு பேர் துன்பப்படுவார்கள்.

கேள்வி (கோவை, 61 வயது அப்பா): மகனுக்கு 27 வயது. எங்கள் காலத்துக்குப் பிறகு அவன் கதி என்ன? இதை நினைத்தால் நம்பிக்கை என்ற சொல்லே கோபமூட்டுகிறது.

பதில்: கோபம் நியாயம், ஐயா. உதவியோடு பெரியவர்கள் சேர்ந்து வாழும் நல்ல இல்லங்கள் நம்மிடம் மிகக் குறைவு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதம் ஒதுக்குகிறது. அதில் ஒரு சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் எனப் பல பிரிவினர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இது போதாது.

ஆனாலும் இருப்பதை விட்டுவிடாதீர்கள். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் மாவட்ட அளவிலான குழு அவருக்குச் சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்கலாம். அதற்கு நீங்கள் இருக்கும்போதே விண்ணப்பியுங்கள். அதே தேசிய அறக்கட்டளையின் நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. நீங்கள் அரசு ஓய்வூதியர் என்றால், சம்பாதிக்க இயலாத மகனுக்குக் குடும்ப ஓய்வூதியம் தொடர வழி இருக்கிறது; அவர் பெயரை இப்போதே பதிவுசெய்யுங்கள்.

இன்னொன்று, உங்கள் கையிலேயே இருப்பது. மாதம் ஓர் இரவு அவர் வேறொருவர் வீட்டில் தங்கிப் பழகட்டும். உங்கள் கையால் அல்லாமல் வேறொருவர் கையால் சாப்பிடவும் குளிக்கவும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவருக்கு எது பிடிக்கும், எது பயம், எப்படிச் சமாதானம் ஆவார் என்பதை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். உங்களைத் தவிர யாருக்கும் அது முழுதாகத் தெரியாது.

கேள்வி (சேலம், கல்லூரி மாணவி): அக்கா, உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா? எனக்கு ஆட்டிசம் இருப்பதை நான் கல்லூரியில் சொல்லலாமா?

பதில்: என்னை மாற்றிக்கொண்டால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை, அது போனதில் வருத்தமும் இல்லை. ஓர் அறையின் விளக்கை, ஒரு தேர்வின் நேரத்தை, ஒரு மேலாளரின் பேச்சு முறையை மாற்ற முடியும் என்று நம்புகிறேன். மாறியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கல்லூரியில் எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிச் சான்றிதழும் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையும் இருந்தால் தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் கேட்கலாம். வாயால் கேட்காதீர்கள், மறந்துவிடுவார்கள். தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே கடிதமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக நகலில் கையொப்பமும் தேதியும் வாங்கிவையுங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். கடிதத்தை எழுதிவிட்டு எனக்கு அனுப்புங்கள், படித்துத் திருத்தித் தருகிறேன்.