ரூபிக்ஸ் க்யூப் கேள்வி-பதில்: கடைசி லேயரில் எதை, எப்போது கற்பது?

டூ-லுக் முறையில் 30 விநாடிக்குள் முடித்துவிடுகிறேன். அடுத்து 57 ஓ.எல்.எல். கற்கவா, 21 பி.எல்.எல். கற்கவா?
— வாசகர், ஈரோடு

பி.எல்.எல்.தான் முதலில். கடைசி லேயரின் மேல்பக்கத்தை ஒரே நிறமாக்குவது ஓ.எல்.எல்.; பிறகு அந்த லேயரின் துண்டுகளை இடம் மாற்றிச் சரிசெய்வது பி.எல்.எல். இவை ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்த்து (இரண்டு லுக்) முடிப்பதுதான் டூ-லுக். டூ-லுக் பி.எல்.எல். தெரிந்தவருக்கு 21 நிலைகளில் ஆறு ஏற்கெனவே கைவசம் இருக்கின்றன: டி, ஒய், இரண்டு யூ, எச், இசட். மிச்சம் 15. கார்னர்கள் (மூலைத் துண்டுகள்) தானாகவே சரியாக அமைவது ஆறில் ஒரு முறை, எட்ஜ்கள் (ஓரத்தின் நடுத் துண்டுகள்) அமைவது 12-ல் ஒரு முறை. ஆகவே 72 சால்வுகளில் (க்யூபை ஒரு முறை தீர்ப்பது ஒரு சால்வ்) 55-ல் நீங்கள் இரண்டு தடவை நின்று பார்த்து, இரண்டு அல்காரிதம் (மனப்பாடமான அசைவு வரிசை) போடுகிறீர்கள். அந்த 15-ஐக் கற்றால் நூற்றுக்கு 76 சால்வுகளில் ஒரு லுக் மிச்சமாகும். ஓ.எல்.எல்.லில் இதே லாபம் நூற்றுக்கு 84 சால்வுகளில் கிடைக்கும். ஆனால் அதற்கு நீங்கள் புதிதாக 47 அல்காரிதம் கற்க வேண்டும்.

இரண்டு ஜே பெர்மில் (பி.எல்.எல். நிலை ஒவ்வொன்றும் ஒரு பெர்ம்) தொடங்குங்கள். பிறகு ஏ, ஆர், எஃப், வி, அப்புறம் நான்கு ஜி. என் பெர்ம் இரண்டையும் கடைசிக்குத் தள்ளிவிடலாம். அவை நீளமானவை, ஒவ்வொன்றும் 72 சால்வுக்கு ஒரு முறைதான் வரும். ஈ பெர்ம் 36-க்கு ஒரு முறை. மற்றவை பெரும்பாலும் 18-க்கு ஒரு முறை வந்துகொண்டே இருக்கும்.

பி.எல்.எல். 21-உம் மனப்பாடம். ஆனாலும் எந்த பெர்ம் என்று கண்டுபிடிக்க க்யூபைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறேன். வேகமே கூடவில்லை.
— வாசகி, திருநெல்வேலி

கை வேகத்தைவிட இங்கேதான் அதிக நேரம் வீணாகிறது. க்யூபைத் திருப்பாமல், கண்ணுக்குத் தெரியும் முன்பக்கம், வலப்பக்கம் இரண்டை மட்டும் வைத்தே 21-ஐயும் அடையாளம் காணலாம். முதலில் எட்ஜை விட்டுவிட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு கார்னர் ஸ்டிக்கர்களை மட்டும் பாருங்கள்.

இரண்டும் ஒரே நிறமாக இருந்தால் அது ஹெட்லைட். இரண்டு பக்கத்திலும் ஹெட்லைட் தெரிந்தால் கார்னர்கள் எல்லாமே சரி. யூ, எச், இசட் மூன்றில் ஒன்றுதான் மிச்சம். ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் அடுத்தடுத்த கார்னர்கள் இடம் மாறியிருக்கின்றன: டி, ஜே, ஆர், எஃப், ஏ, ஜி. அந்த ஹெட்லைட்டுக்கு நடுவே உள்ள எட்ஜும் அதே நிறம் என்றால் ஜே அல்லது எஃப் மட்டுமே. மற்றப் பக்கத்தில் ஒரே நிற ஸ்டிக்கர் இரண்டு ஒட்டி நின்றால் ஜே, மூன்றும் தனித்தனி என்றால் எஃப்.

பலர் தடுமாறுவது ஹெட்லைட்டே தெரியாதபோதுதான். அப்போது எதிர் நிறங்களைத் தேடுங்கள். சிவப்பு-ஆரஞ்சு ஒரு ஜோடி, நீலம்-பச்சை இன்னொரு ஜோடி. இரண்டு பக்கத்திலும் கார்னர் ஸ்டிக்கர்கள் எதிர் நிறமாக இருந்தால் குறுக்குக் கார்னர் மாற்றம்: ஒய், வி, என், ஈ. ஒரே ஒரு பக்கத்தில்தான் எதிர் நிறம் என்றால், ஹெட்லைட் அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் மறைந்திருக்கிறது. திருப்பிப் பார்க்கவே வேண்டாம், அப்படியே நம்பி மேல் லேயரைச் சுழற்றலாம்.

கற்ற அல்காரிதங்கள் ஒன்றோடொன்று குழம்புகின்றன. பாதியில் மறந்துவிட்டால் மொத்தமும் கலைந்துபோகிறது.
— மாணவர், கோவை

எழுத்துகளாக மனப்பாடம் செய்வதே காரணம். சிறு சிறு அசைவுக் கட்டுகளாகப் பிரித்து விரலுக்குப் பழக்குங்கள். டி பெர்மைப் பாருங்கள் (ஆர் வலப்பக்கம், யூ மேல் லேயர், எஃப் முன்பக்கம்; எழுத்து மட்டும் என்றால் கடிகாரத் திசையில் கால் சுற்று, மேற்கோள் குறி இருந்தால் எதிர்த்திசை, 2 என்றால் அரைச் சுற்று):

ஆர் யூ ஆர்' யூ' / ஆர்' எஃப் ஆர்2 யூ' / ஆர்' யூ' / ஆர் யூ ஆர்' எஃப்'

இதன் கடைசி நான்கு அசைவுகளை எடுத்து முன்னால் போடுங்கள்:

ஆர் யூ ஆர்' எஃப்' / ஆர் யூ ஆர்' யூ' / ஆர்' எஃப் ஆர்2 யூ' / ஆர்' யூ'

இதுதான் ஜேபி பெர்ம். கடைசி யூ' மேல் லேயரை நேராக்குவதற்கு மட்டும். ஒன்று தெரிந்தால் இன்னொன்று இலவசம். டி பெர்மை இரண்டு முறை போட்டால் க்யூப் பழைய நிலைக்கே வரும், ஆகவே தீர்த்த க்யூபிலேயே பயிற்சி செய்யலாம். நான்கு ஜி பெர்ம்களை ஒரே நாளில் கற்காதீர்கள். முதல் ஜி, பார்க்காமல் கையிலிருந்து வந்த பிறகே இரண்டாவது.

முழு ஓ.எல்.எல்., பி.எல்.எல். தெரியும். சராசரி 13 விநாடி. இசட்.பி.எல்.எல். தொடங்கலாமா?
— வாசகர், தஞ்சாவூர்

இப்போது வேண்டாம். ஸ்பிக்னியேவ் ஸ்போரோவ்ஸ்கி, ரான் வான் புரூகம் இருவர் பெயரால் அமைந்த, கடைசி லேயரை ஒரே அல்காரிதத்தில் முடிக்கும் இந்த முறையில், பி.எல்.எல். நீங்கலாக 472 நிலைகள் உண்டு. இங்கே பிரிவின் பெயர் பெர்மைக் குறிக்காது, மேல் கார்னர்கள் திரும்பியிருக்கும் விதத்தைக் குறிக்கும். எச் பிரிவில் 40. டி, யூ, எல், பை, சூன், ஆன்டிசூன் ஆறிலும் தலா 72. மேல் எட்ஜ்கள் நான்கும் சரியாகத் திரும்பியிருந்தால்தான் இவற்றைப் பயன்படுத்த முடியும். அது தானாக அமைவது எட்டில் ஒரு முறை. உங்கள் வேகத்தில் எஃப்2எல் (முதல் இரண்டு லேயர்கள்) நடுவே வரும் தயக்கங்களைக் குறைத்தாலே இதைவிட அதிகம் மிச்சமாகும்.

ஆசை விடவில்லை என்றால் சி.ஓ.எல்.எல். கற்கலாம். 40 நிலைகள்தான். கார்னர்களை முழுதாக முடித்துவிடுவதால், மிஞ்சும் எட்ஜ் நிலை மூன்றில் இரண்டு முறை யூ பெர்மாகவே இருக்கும். 12-ல் ஒரு முறை எதுவும் மிஞ்சாது. சூன், ஆன்டிசூன் பிரிவுகளின் 12 நிலைகளை மட்டும் விட்டுவிடுங்கள். ஏழே அசைவில் முடியும் சூன் அல்காரிதத்தை விட்டு நீண்ட அல்காரிதம் போட்டால், யூ பெர்மில் கிடைக்கும் லாபம் அங்கேயே கரைந்துவிடும். பின்னாளில் இசட்.பி.எல்.எல். தொடங்கும்போதும் டி, யூ பிரிவுகள் முதலில், சூன் வகைகள் கடைசியில்.

போட்டியில் பி.எல்.எல். முடித்து, மேல் லேயரைக் கடைசியாக ஒரு சுற்று சுற்றாமல் டைமரை நிறுத்தினால் சால்வ் போய்விடுமா?
— வாசகர், சேலம்

போகாது. உலக க்யூப் சங்க விதிப்படி ஒரே ஒரு சுற்று பாக்கி என்றால் 2 விநாடி கூட்டுவார்கள். அதற்கு மேல் பாக்கி இருந்தால் அந்த சால்வ் செல்லாது. சராசரிக்கு ஐந்து சால்வுகளில் சிறந்ததையும் மோசமானதையும் நீக்கிவிடுவதால், செல்லாத சால்வ் ஒன்று வந்தாலும் சராசரி தப்பும். இரண்டு வந்தால் தப்பாது.