மேடும் பள்ளமுமாக 42 கிலோமீட்டர்

கேள்வி: மலைப்பாதை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். ஏற்றத்தில் மூச்சு முட்டுகிறது, தொடை எரிகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடத்தான் வேண்டுமா?

பதில்: மூச்சு வாங்குவதும் தொடை எரிவதும் ஏற்றத்தில் எல்லோருக்கும் வருவதுதான். தாங்கிக்கொண்டு ஓடலாம். ஆனால் ஒரே இடத்தில் சுருக்கென்று குத்துகிற வலி, நடையையே மாற்றிவிடுகிற வலி, நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல் வந்தால் நின்றுவிடுங்கள். அங்கே வீம்பு கூடவே கூடாது.

ஏற்றத்தில் கடிகாரம் காட்டும் வேகத்தை நான் பார்ப்பதே இல்லை. இரண்டு மூன்று வார்த்தை சேர்த்துப் பேச முடிகிறதா என்று மட்டும் பார்ப்பேன். அடியைச் சின்னதாக்கி, கையை வீசி ஏறுவேன். ரொம்பச் செங்குத்தாக இருந்தால் வேக நடையே போதும்.

உண்மையில் கால்களைப் பதம்பார்ப்பது இறக்கம்தான். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. தசை இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. பாஸ்டன் மாரத்தானில் 'ஹார்ட்பிரேக் ஹில்' என்கிற மேடு சுமார் 32ஆவது கிலோமீட்டரில் வரும். ஏற வேண்டிய உயரம் 30 மீட்டர்கூட இல்லை. ஆனாலும் பலர் அங்கே துவண்டுபோகிறார்கள். ஆரம்பத்து இறக்கங்களிலேயே தொடை அடிவாங்கியிருப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

அதனால் பயிற்சியில் இறக்கத்தையும் ஓடுங்கள், முதலில் கொஞ்சமாக. அடுத்த இரண்டு நாள் மாடிப்படி இறங்கவே கஷ்டமாக இருக்கும். பயப்படாதீர்கள், அடுத்த முறை வலி நன்றாகவே குறைந்திருக்கும். அப்புறம், கடைசி இறக்கப் பயிற்சிக்கும் போட்டிக்கும் நடுவே இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள்.