ஒரே ஒரு பர்கர் கடை எப்படி 40,000 கடைகள் ஆனது?

கேள்வி இது: மெக்டொனால்ட்ஸை விட ருசியான பர்கர் எத்தனையோ இடங்களில் கிடைக்கிறது. பிறகு எப்படி அந்தக் கடை மட்டும் உலகம் முழுக்கப் பெருகியது?

ருசிக்கும் அந்த வளர்ச்சிக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. சமையலறையில் ஓர் ஒழுங்கு, வாடகைப் பத்திரத்தில் ஒரு பிடி. இந்த இரண்டும்தான் காரணம். இரண்டாவதைப் பற்றிப் பலரும் பேசுவதில்லை.

முதலில் சமையலறை. ரிச்சர்ட், மாரிஸ் என்ற மெக்டொனால்ட் சகோதரர்கள் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் 1940 முதல் கடை நடத்தினார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடையை 1948-இல் சில மாதங்கள் மூடிப்போட்டு, அடியோடு மாற்றினார்கள். 25 வகை உணவு 9 ஆனது. காருக்கே வந்து பரிமாறிய பெண்கள் இல்லை, தட்டும் கரண்டியும் இல்லை, எல்லாம் காகிதத்தில். பர்கர் விலை 15 சென்ட். டென்னிஸ் மைதானத்தில் சாக்பீஸால் சமையலறையை முழு அளவில் வரைந்து, ஆட்களை அதற்குள் நடமாட விட்டு, யார் யார் மேல் இடிக்கிறார்கள் என்று பார்த்து அடுப்பையும் மேசையையும் நகர்த்தி நகர்த்தி வரைந்தார்கள்.

மில்க்‌ஷேக் கலக்கும் இயந்திரம் விற்றுக்கொண்டிருந்த ரே கிராக் 1954-இல் அங்கே போனதற்குக் காரணமே, ஒரு சின்னக் கடைக்கு எதற்கு 8 இயந்திரம் என்ற சந்தேகம்தான். ஒன்றில் 5 கோப்பை என்றால் ஒரே நேரத்தில் 40! அடுத்த ஆண்டு ஏப்ரல் 15 அன்று இல்லினாய் மாநிலத்தின் டெஸ் பிளெய்ன்ஸில் சகோதரர்களிடம் உரிமம் பெற்று, அதே பெயரில் தன் முதல் கடையைத் திறந்தார்.

அங்கேதான் முதல் சறுக்கல். அதே உருளைக்கிழங்கு, அதே எண்ணெய், ஆனால் வறுவல் சொதசொத என்று வந்தது. சகோதரர்கள் கிழங்கைக் கம்பிவலைத் தொட்டிகளில் கொட்டி வெளியே வைத்திருந்தார்கள். பாலைவனக் காற்று பட்டு ஈரம் வற்றி, கிழங்கில் உள்ள சர்க்கரை மாவுச்சத்தாக மாறியிருந்தது. சர்க்கரை மிகுந்த கிழங்கு வெளியே சீக்கிரம் கருகும், உள்ளே வேகாது. சகோதரர்களுக்கே இது தெரியாது. அவர்கள் திட்டமிட்டுச் செய்ததில்லை. கிராக் கடைசியில் நிலவறையில் மின்விசிறி வைத்துக் கிழங்குக்குக் காற்று காட்டினார். ஒரு கடையை நகலெடுக்கும்போது, கையேட்டில் இல்லாத காரணம்தான் காலை வாரும்.

அதனால்தான் எல்லாவற்றையும் எழுதி வைத்தார்கள். ஒரு பவுண்டு கறியில் 10 பேட்டி (நேர்காணல் இல்லை, பன்னுக்குள் வைக்கும் கறி), ஒன்று சுமார் 45 கிராம். தோசைக்கல் போன்ற கிரில்லில் வரிசைக்கு 6 வீதம் 6 வரிசை. திருப்பும்போது மூன்றாவது வரிசையிலிருந்து தொடங்கி ஆறாவது வரை போய், அதன் பிறகே முதல் இரண்டு வரிசைக்கு வரவேண்டும். அந்த இரண்டும் சூடு வரும் இடத்திலிருந்து தள்ளி இருப்பதால் வேக நேரம் பிடிக்கும். 1961-இல் இதைக் கற்பிக்கவே பயிற்சிப் பள்ளி தொடங்கி, ஹாம்பர்கர் பல்கலைக்கழகம் என்று பெயர் வைத்தார்கள்.

இனி பணம். மெக்டொனால்ட்ஸ் பெயரில் கடை நடத்த உரிமம் எடுப்பவர் கிராக்குக்கு முன்பணமாக 950 டாலரும் விற்பனையில் 1.9 சதவீதமும் தர வேண்டும், அந்த 1.9-இல் 0.5 சகோதரர்களுக்கு. மாதம் 20,000 டாலர் விற்கும் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராக் கைக்கு வருவது 280 டாலர். இதில் மேற்பார்வை, பயிற்சி, அலுவலகச் செலவு எல்லாம் பார்க்க முடியுமா? கட்டுப்படியாகாது.

நிதியைக் கவனித்த ஹாரி சோனபோர்ன் 1956-இல் வழி கண்டார். இடத்தை நிறுவனமே நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்து, கடைக்காரருக்கு 40 சதவீதம் ஏற்றி உள்வாடகைக்கு விடும். அல்லது விற்பனையில் 5 சதவீதம், எது அதிகமோ அது. நில உரிமையாளருக்கு 600 டாலர் என்றால் ஏற்றிய வாடகை 840. நம் கடையில் 5 சதவீதம் 1,000 வருகிறது, ஆகவே 1,000. வாடகையில் மட்டும் 400 டாலர் மிச்சம்! பணத்தைவிட முக்கியம், தரம் குறைந்தால் கடைக்காரரை இடத்தை விட்டே எழுப்பலாம். பெரும்பாலும் ஊரையோ மாவட்டத்தையோ மொத்தமாக எழுதிக் கொடுக்காமல் ஒரு கடைக்கு ஓர் உரிமம் என்றே கொடுத்ததும் அதே பிடிக்காகத்தான்.

1961-இல் சகோதரர்களுக்கு 27 லட்சம் டாலர் கொடுத்துப் பெயரையும் வாங்கினார் கிராக். 1965-இல் பங்குச்சந்தை, 1968-இல் ஆயிரமாவது கடை, 1988-இல் பத்தாயிரமாவது. ஃபிலே-ஓ-ஃபிஷ், பிக் மேக், எக் மெக்மஃபின் என்ற புகழ்பெற்ற உணவுகள் மூன்றும் தலைமையகத்தில் உருவானவை அல்ல. கடை நடத்தியவர்களின் யோசனை. சமையலறைக்குத்தான் கட்டுப்பாடு, மூளைக்கு இல்லை போலும்.

வளர்ச்சி திருப்பி அடித்தது 1990-களில். ஆண்டுக்கு 2,000 கடைக்கு மேல் திறந்தார்கள். புதுக் கடை பக்கத்துப் பழைய கடையின் வாடிக்கையாளரையே பிடுங்கியது. தலைமையகத்துக்கு இரண்டிலும் வாடகை வரும், பழைய கடைக்காரருக்கோ வியாபாரம் படுத்தது. 2002-இன் கடைசிக் காலாண்டில், பங்குச்சந்தைக்கு வந்த பிறகு முதல்முறையாக நட்டம். ஓய்விலிருந்து தலைமை நிர்வாகியாகத் திரும்பிய ஜிம் காண்டலூப்போ, புதுக் கடைகளைக் குறைத்து, இருக்கும் கடையில் கூட்டம் சேர்க்கச் சொன்னார்.

சென்னைக் கடைகளுக்கு இந்த வாடகைக் கணக்கு பொருந்தாது. அவற்றை நடத்துவது வெஸ்ட்லைஃப் குழுமம். இடமும் முதலீடும் அவர்கள் பொறுப்பு, அமெரிக்காவுக்குப் போவது விற்பனையில் ஒரு பங்கு.