அந்தமானுக்கு எட்டு நாள்: முதலில் படகு, பிறகுதான் அறை

கேள்வி: நாங்கள் பள்ளத்தூர். நான், வீட்டுக்காரர், ஒன்பதாவது படிக்கும் பையன், இரண்டாவது படிக்கும் பெண், 68 வயது ஆத்தா. ஈப்போவிலிருந்து அண்ணனும் வருகிறார், அவருக்கு மலேசியப் பாஸ்போர்ட். காடும் கடலும் சேர்ந்த, கூட்டமில்லாத ஒரு தீவில் எட்டு நாள் இருந்துவிட்டு வர ஆசை. அரையாண்டு லீவில் போகலாமா? லட்சத்தீவா, அந்தமானா? ஏஜெண்ட் ஒருவர் அந்தமானில் ஐந்து இடம் காட்டுவதாகச் சொல்கிறார்.

பதில்: லட்சத்தீவை இப்போதைக்கு ஒதுக்கிவிடுங்கள். அது பவளப்பாறை மேல் எழுந்த மணல் தீவுகள். காயலும் தென்னையும் கொள்ளை அழகு, ஆனால் நீங்கள் கேட்ட காடு அங்கே கிடையாது. இந்தியர்களுக்கே நுழைவு அனுமதி வாங்க வேண்டும், கொச்சி போய் ஏற வேண்டும். உங்களுக்கு அந்தமான்தான்.

அரையாண்டு லீவு வேண்டாம். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை அறை, விமானம், படகு எல்லாமே உச்ச விலையில் இருக்கும், கூட்டமும் அப்போதுதான். வடகிழக்குப் பருவக்காற்றின் வால் டிசம்பரிலும் அடிக்கும். 2016 டிசம்பரில் புயல் சின்னத்தால் படகு நின்று, அந்தமானின் ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் வந்துதான் மீட்டன. முழுப்பரீட்சை முடிந்ததும், ஏப்ரல் கடைசியில் கிளம்புங்கள். வெயில் உண்டு, ஆனால் காரைக்குடிச் சித்திரையைப் பார்த்தவர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. கடல் அமைதியாக, தண்ணீர் தெளிவாக இருக்கும் காலம் அது. மே 10-க்குள் திரும்பிவிடுங்கள். தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்கு வருமுன்பே, மே மூன்றாம் வார வாக்கில் அந்தமானைத் தொட்டுவிடும்.

ஏஜெண்டின் ஐந்து இடத் திட்டத்தில் எனக்கு உடன்பாடில்லை. எட்டு நாளில் ஐந்து இடம் என்றால் பாதி நாள் பெட்டி கட்டுவதிலும் படகுத்துறை வரிசையிலும் போய்விடும். அதில் பாராட்டாங் தீவு இருந்தால் அதை முதலில் வெட்டுங்கள். விடியுமுன் எழுந்து, ஜாரவா பழங்குடியினரின் காட்டு வழியே போலீஸ் காவலோடு வரிசையாகப் போகும் வண்டிகளில் ஒன்றாகப் போக வேண்டும். வழியில் நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. அந்தக் காட்டுப் பகுதியில் சாலையை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002-லேயே உத்தரவிட்டது, இன்னும் வண்டி ஓடுகிறது. ஆத்தாவின் இடுப்புக்காகவும் சொல்கிறேன், அந்த மக்களின் நிம்மதிக்காகவும் சொல்கிறேன்.

பெரும்பாலானவர்கள் இணையத்தில் அழகான அறையைப் பார்த்து முன்பணம் கட்டிவிட்டு, பிறகு படகைத் தேடுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். விமானம், அடுத்து படகு, கடைசியில் அறை. போர்ட் பிளேரிலிருந்து தீவுகளுக்குப் போக அரசுக் கப்பலும் உண்டு, தனியார் விரைவுப் படகும் உண்டு. அரசுக் கப்பலில் கட்டணம் குறைவு, மேல்தளத்தில் காற்று வாங்கலாம், டிக்கெட் கிடைப்பதுதான் பாடு. தனியார் படகு ஏசி போட்டு மூடிய கூடம். வயிற்றைப் புரட்டுகிற ஆளுக்கு அந்த மூடிய காற்றே போதும். ஆத்தாவுக்குக் கீழ்த்தளத்தில், படகின் நடுவாகத் தள்ளி இருக்கை கேளுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு. குமட்டல் மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி முன்பே போட வேண்டும், படகு ஆட ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. ரத்தக்கொதிப்பு, சர்க்கரைக்கு மருந்து எடுப்பவரானால் எந்த மாத்திரை என்று டாக்டரிடம் முன்னமே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசி இரவு கட்டாயம் போர்ட் பிளேரில். ஊர் திரும்பும் நாளன்று காலையில் தீவிலிருந்து படகேறி மதியம் விமானம் பிடிக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். காற்று கொஞ்சம் கூடினாலே படகை நிறுத்திவிடுவார்கள். செல்லுலார் சிறையை அந்தக் கடைசி நாளுக்கு வைத்துக்கொண்டால் நாளும் வீணாகாது.

போகும்போதும் இதே கணக்குத்தான். சென்னையிலிருந்து விமானம் இரண்டேகால் மணி நேரம், அதிகமும் காலை நேரத்தில்தான். இரவு ரயிலில் எழும்பூர் இறங்கி அப்படியே மீனம்பாக்கம் ஓடுவது சூதாட்டம். முதல் நாள் பல்லவன் ரயிலில் போய்ச் சென்னையில் ஓர் இரவு தங்கிவிடுங்கள். சென்னையிலிருந்து கப்பலும் உண்டு, 60 மணி நேரம் ஆகும். கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, பர்மாவுக்குக் கப்பலேறிய தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு ஆசை வரும்தான், ஆனால் லீவு கரைந்துவிடும்.

இனி தீவு. கூட்டமே இல்லாத தீவு என்றால் லாங் ஐலண்ட், லிட்டில் அந்தமான் என்று சொல்வேன். ஆனால் அங்கே வசதி சொற்பம், பெரிய ஆஸ்பத்திரி வெகு தூரம். ஆத்தாவையும் சிறு பெண்ணையும் வைத்துக்கொண்டு அது வேண்டாம். நீலில் நான்கு இரவு, ஹேவ்லாக்கில் இரண்டு இரவு போதும். டிக்கெட்டில் இப்போது ஷஹீத் த்வீப், ஸ்வராஜ் த்வீப் என்றும், போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்றும் இருக்கும், குழம்ப வேண்டாம்.

நீல் சின்னத் தீவு, காய்கறித் தோட்டங்கள் நிறைந்தது. ஆட்டோ கிடைக்கும், சைக்கிளிலேயே சுற்றிவிடலாம். அங்கே நாள் போவது கடிகாரப்படி இல்லை, ஓதப்படி, அதாவது கடல் ஏறி இறங்குவதன்படி. தொண்டிக் கடலில் கால் நனைத்துப் பழகியவர்கள் கடல் எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும் என்று நினைப்பார்கள். இங்கே காலையில் நீந்திய பரத்பூர் கரை, வற்றம் வந்தால், அதாவது கடல் உள்வாங்கினால், முழங்கால் தண்ணீரும் பவளக் கல்லுமாகிவிடும். லக்ஷ்மன்பூரின் இயற்கைப் பாறைப் பாலம் இதற்கு நேர்மாறு, அங்கே வற்றத்தில்தான் போக வேண்டும். பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் கருப்பாக, கொழுகொழுவென்று கடல் அட்டை கிடக்கும். கல்லில் பதிந்த சிப்பி ஒன்று நீல உதடு விரித்திருக்கும், நிழல் விழுந்ததும் மூடிக்கொள்ளும். கல் கத்திபோல் இருக்கும், வழுக்கும், அதனால் ரப்பர் செருப்பு உதவாது, காலைப் பிடித்து நிற்கும் ஷூ வேண்டும். ஆத்தா கரையிலேயே இருக்கட்டும். வற்றம் தினமும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகும், விடுதிக்காரரிடம் முந்தின இரவே கேட்டு வையுங்கள்.

காடு ஹேவ்லாக்கில். ராதாநகர் கடற்கரையில் ஓங்கிய மரங்கள் மணல் விளிம்புவரை வந்து நிற்கும். மாலையில் எல்லோரும் அங்கே குவிவார்கள், நீங்கள் விடிகாலையில் போங்கள். ஏப்ரலில் அங்கே ஐந்து மணிக்கே விடிந்து, மாலை ஐந்தரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். கிழக்கே இருந்தாலும் நம் கடிகாரம்தானே. பிள்ளைகளை நம்மூர்ப்படி எட்டு மணிக்கு எழுப்பினால் நாளில் மூன்று மணி நேரம் போச்சு. முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் கணுக்கால்கூட நனைக்கக்கூடாது, உப்புநீர் முதலை அங்கே நிஜம்.

பையன் ஸ்கூபா (காற்றுக் கலன் மாட்டிக் கடலடியில் நீந்துவது) கேட்பான், கற்றுக்கொடுப்பவரோடு இறங்கலாம். ஆஸ்துமா இருந்தால் சொல்லிவிட வேண்டும். மூழ்கிய பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது, ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் மேலே போனால் குமிழாகி வலியில் கொண்டுபோய் விடும். ஆகவே கடைசி நாளில் வேண்டாம். பெண் சங்கும் பவளத் துண்டும் பொறுக்குவாள், அங்கேயே போடச் சொல்லுங்கள். வனவிலங்குச் சட்டம் இருக்கிறது, விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவார்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். போர்ட் பிளேரில் தமிழர்கள் நிறையப் பேர், இட்லி தோசை கிடைக்கும். தீவுகளில் மீனும் சோறும் வங்காளப் பக்குவத்தில் இருக்கும், ஆத்தாவுக்குப் பருப்புப்பொடியும் சீடையும் போதும். 2020-ல் கடலடிக் கேபிள் வந்த பிறகு இணையம் தேறியிருக்கிறது, இருந்தாலும் கையில் ரொக்கம் வையுங்கள்.

அண்ணன் விஷயம். நீலும் ஹேவ்லாக்கும் 2018-ல் வெளிநாட்டவருக்கான தனி அனுமதியிலிருந்து விலக்கப்பட்ட தீவுகளில் வருகின்றன. இந்திய விசா இருக்க வேண்டும், போய் இறங்கியதும் பதிவு செய்துகொள்ள வேண்டும். டிக்கெட் போடுமுன் அன்றைய விதியை ஒருமுறை அவரையே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாஸ்போர்ட், விசா நகல் நாலைந்து செட் அவர் கையில் இருக்கட்டும், விடுதியிலும் கேட்பார்கள். பதிவுக்கு நேரம் பிடித்தால் அதற்குள் நீங்கள் ஆத்தாவை அழைத்துக்கொண்டு அறைக்குப் போய்விடலாம்.