வாசகர் கேள்வி பதில்: திரும்பக் கட்டிய ஆர்மேச்சர் ஏன் நின்று பிடிப்பதில்லை?

கேள்வி: எங்கள் வேர்க்‌ஷொப்பில் ஆங்கிள் கிரைண்டரின் ஆர்மேச்சர் (மோட்டருக்குள் சுழலும், செப்புக் கம்பி சுற்றிய பகுதி) எரிந்து போனது. பஞ்சிகாவத்தைப் பக்கம் கொடுத்துக் கட்டினோம். கட்டி வந்த நாளிலிருந்தே பொறி பறக்கிறது, கையே வைக்க முடியாத சூடு. சுற்றைக் குறைத்துத் தடித்த கம்பி போட்டால் பவர் கூடும் என்கிறார்கள், செய்யலாமா? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். இந்த வகை மோட்டரில் ஆர்மேச்சர் சுற்றைக் குறைத்தால் வேகம்தான் ஏறும். டிஸ்க்கில் அச்சடித்திருக்கும் உச்ச வேகத்தைத் தாண்டினால் டிஸ்க் வெடித்து, பிடித்திருப்பவரின் முகத்துக்கே வரும்.

கட்டி வந்ததுமே பொறி என்றால் என் சந்தேகம் முதலில் கொமியூட்டேட்டர் பக்கம்தான் போகிறது, அதாவது காபன் பிரஷ் உரசி ஓடும், செப்புத் துண்டுகள் அடுக்கிய வளையம். எந்தக் காடியில் (கம்பி இறங்கும் பள்ளம்) இருக்கும் கொயிலின் நுனி எந்தச் செப்புத் துண்டில் இணைகிறது என்பதைப் பிரிப்பதற்கு முன்பே குறித்து வைக்க வேண்டும், ஒரு துண்டு தள்ளி இணைத்தாலே பிரஷ்ஷுக்குக் கீழே பொறி பறக்கும், புது காபன் பிரஷ் போட்டும் பயனில்லை. அப்புறம் குரோலரில் (ஆர்மேச்சரைச் சோதிக்கும் மின்காந்தக் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆர்மேச்சரை மெதுவாகத் திருப்பிக்கொண்டே காடிகளின் மேல் ஒரு ஹெக்ஸோ பிளேடைப் பிடித்தால், சுற்றுகள் ஒன்றோடொன்று ஷோட் ஆன காடியில் பிளேட் அதிரும்.

சூட்டைக் குறைக்க வேண்டுமானால் சுற்று எண்ணிக்கையில் கை வைக்காமல் காடியில் செப்பைக் கூட்டுங்கள். பல இடங்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. 0.50 மி.மீ. கம்பி இருந்த இடத்தில் கைக்குச் சுலபம் என்று 0.45 போட்டால் குறுக்குப் பரப்பு 19 சதவீதம் குறைகிறது, அதே கரண்டுக்கு வெப்பம் 23 சதவீதம் கூடுகிறது. காடிக்குள் விரிக்கும் மெல்லிய, ஆனால் தரமான இன்சுலேஷன் தாள், ஒன்றுக்கொன்று குறுக்கே போகாமல் ஒழுங்காக இறங்கிய கம்பி, காடிக்கு வெளியே குட்டையாக முடித்த வளைவுகள் இருந்தால் அதே இரும்பில் இன்னும் கொஞ்சம் தடித்த கம்பி பிடிக்கும். புதிய மின்சாரக் கார்களில் உருண்டைக் கம்பிக்குப் பதில் ஸ்டேட்டரில் (மோட்டரின் சுழலாத பகுதி) செவ்வகப் பட்டைச் செப்பை வளைத்துச் செருகுவதும் காடியில் இடம் வீணாகக் கூடாது என்பதற்குத்தான்.

வார்னிஷை மேலால் பிரஷ்ஷில் தடவிக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஆர்மேச்சரைச் சூடாக்கி, கொமியூட்டேட்டரில் படாமல் வார்னிஷில் இறக்கி, குமிழி வருவது நிற்கும்வரை விட்டு, எடுத்துச் சூட்டடுப்பில் (oven) காயவைக்க வேண்டும். கிரைண்டர் சுழலும் வேகத்தில் கம்பி துளி அசைந்தாலும் அதன் மேலுள்ள எனாமல் பூச்சு உரசிப் போய்விடும்.

கேள்வி: வீட்டுத் தண்ணீர் மோட்டரில் உள்ளே அலுமினியக் கம்பியாம். எரிந்துவிட்டது, செப்புக்கு மாற்றலாமா? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: தாராளமாக மாற்றுங்கள், சுற்று எண்ணிக்கை மாறக்கூடாது, அவ்வளவுதான். அலுமினியத்தின் தடை செப்பைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு என்பதால் அதே அளவுச் செப்புக் கம்பியே நன்றாகக் குளிர்ந்து ஓடும். கொயில் 10 பாகை கூடுதல் சூட்டில் ஓடினால் இன்சுலேஷனின் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலின் பழைய கணக்கு, ஆகவே இந்த வித்தியாசம் சின்னதில்லை. போடும் கம்பியின் நுனியை நீங்களே சுரண்டிப் பாருங்கள், வெள்ளையாகத் தெரிந்தால் திரும்பவும் அலுமினியம்தான்.

கட்டுபவரிடம் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள் அக்கா: பழைய கொயிலைக் கழற்ற காஸ் டோர்ச்சால் எரிக்கக் கூடாது. இரும்புத் தகடுகளுக்கு நடுவே உள்ள மெல்லிய பூச்சு கருகிவிட்டால், எவ்வளவு நல்ல செப்பு போட்டாலும் மோட்டர் சும்மா ஓடும்போதே கொதிக்கும்.