கேளுங்க சொல்றோம்: கெடிலத்துத் தண்ணி எங்க போச்சு?

கேள்வி: ஆத்துல ஊத்து தோண்டித்தான் குடிச்சோம்னு எங்க பாட்டி சொல்வாங்க. இப்ப பாத்தா கருவேலமுள்ளுதான். கெடிலம் செத்துப்போச்சா?
- வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: அப்படிச் சொல்லிடாதீங்கம்மா. கெடிலம் மழையை நம்பி ஓடுற ஆறு, கள்ளக்குறிச்சி மாவட்டத்துல மையனூர் பக்கம் கிளம்பி பண்ருட்டி வழியா வந்து கடலூர் தேவனாம்பட்டினத்துகிட்ட கடல்ல சேருது, மேல பெரிய அணைன்னு எதுவும் கிடையாது, திருவதிகை வானமாதேவி அணைக்கட்டுங்கதான். ஐப்பசி கார்த்திகையில ஓடும், கோடையில மேல்தண்ணி நின்னுடும், அதோட குணமே அதான். 7ஆம் நூற்றாண்டுல திருவதிகையில அப்பர் பாடின முதல் பதிகத்துல பாட்டுக்குப் பாட்டு இந்த ஆத்துப் பேரு வருது, அவ்ளோ பழைய ஆறு!

பாட்டி சொன்ன ஊத்து மணலுக்கு அடியில ஓடுற தண்ணிதான். கையால மணலை வாரி ஓரமா ஒதுக்கினா முதல்ல ஈரம் தட்டும், அப்புறம் கலங்கலா கசியும், ரெண்டு தடவ இறைச்சு ஊத்திட்டா தெளிவா சுரக்கும், கொட்டாங்குச்சியால மொண்டு மொண்டு குடத்தை நிரப்புவாங்க. மணல் இருந்தாத்தான் வெள்ளத்தண்ணி உள்ள இறங்கித் தங்கும். மணலை அள்ளிட்டா வந்த தண்ணி நிக்காம கடலுக்குப் போயிடும், கரையோரக் கிணறு போர் எல்லாம் கீழ இறங்கிடும், கடல் பக்கம் உப்புத்தண்ணி ஏறிடும். ராத்திரியில ஒரு மாட்டுவண்டி மணல்தானேன்னு விடுறாங்க பாருங்க, எனக்கு வயிறு எரியுது. உங்க ஊர்ல நடந்தா கிராம சபையில எழுந்து கேளுங்க.

கேள்வி: எங்க ஊர்ல மழையே இல்ல, ஆனா கெடிலத்துல வெள்ளம் வருதே, எப்படிங்க?
- வாசகர், பண்ருட்டி

பதில்: மேக்க பெஞ்சிருக்கும், இல்லன்னா மலட்டாறு. திருவெண்ணெய்நல்லூர் பக்கம் தென்பெண்ணை ஆத்துல இருந்து பிரியுற மலட்டாறு கெடிலத்துல வந்து விழுது, அதனால பெண்ணை பொங்கினா இங்கயும் பங்கு வரும். 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயலப்ப பெண்ணை மேல இருக்குற சாத்தனூர் அணையில வினாடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறந்தாங்களே, அந்த மாதிரி நேரத்துல சாத்தனூர் நியூஸையும் பாத்துக்கிட்டே இருங்க.

கேள்வி: திருவந்திபுரத்துல ஆறு வடக்க ஓடுதாமே சார்?
- வாசகர், புதுச்சேரி

பதில்: ஆமாங்க, தேவநாத சுவாமி கோயில்கிட்ட கொஞ்ச தூரம் வடக்க ஓடும், உத்தரவாகினின்னு சொல்வாங்க. அப்புறம் கிழக்க திரும்பி மஞ்சக்குப்பத்துக்கும் திருப்பாப்புலியூருக்கும் நடுவுல போகுது. மழை விட்டு ஒரு வாரம் கழிச்சுப் போங்க, ஓட்டம் நல்லா தெரியும். வெள்ளத்தப்ப மட்டும் படியில இறங்காதீங்க.