வாசகர் கேள்வி – பதில்: சலவை இயந்திரமும் நம் ஊர்த் தண்ணீரும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சலவை இயந்திரத்தைப் பற்றியவை. எழுதியவர்களில் பலர் இயந்திரத்தையோ அதை விற்ற கடையையோதான் குறை கூறியிருக்கிறார்கள். வாவிக்கும் கடலுக்கும் நடுவே மணலில் கிணறு தோண்டிக் குடியிருக்கும் நாம், அதற்கு முன்பாகத் தண்ணீரை ஒருமுறை விசாரிப்பது நல்லது.

கேள்வி: என் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடைகள் ஒரு தவணை முடிவதற்குள் மஞ்சளாகிவிடுகின்றன. வெளிற்றும் திரவம் ஊற்றித் தோய்த்தேன். நிறம் இன்னும் மோசமானது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கிறது. இயந்திரத்தில் பழுதா? (வாசகி, கல்லடி)

பதில்: பழுது இயந்திரத்தில் இருப்பதாகத் தெரியவில்லை. அள்ளும்போது தெளிவாக இருக்கும் தண்ணீரிலும் இரும்பு கரைந்திருக்கலாம். நிலத்தடியில் காற்றுப் படாமல் இருக்கும்வரை அதற்கு நிறமில்லை. ஒட்சிசன் பட்டதும் அது காவி நிறத் துருவாக மாறிப் படியத் தொடங்குகிறது. இந்த மாற்றம் நீர்த்தாங்கிக்குள் நடந்தால் துரு தாங்கியின் அடியில் சேறாகத் தங்கிவிடும்; உடுப்பு நனைந்து கிடக்கும் நேரத்தில் நடந்தால் நூலிழைக்குள்ளேயே தங்கும். வெளிற்றும் திரவத்தில் உள்ள குளோரீன் சேர்மம் இந்த மாற்றத்தை மேலும் விரைவுபடுத்துகிறது. அதனால்தான் தேயிலைக் கறையைப் போக்கும் அதே திரவம், உங்கள் வீட்டுச் சீருடையில் மஞ்சளைக் கூட்டியிருக்கிறது.

உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பையில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, மூடாமல் ஒரு நாள் வைத்துவிடுங்கள். மறுநாள் தண்ணீரை மெதுவாகச் சரித்து ஊற்றிவிட்டு, அடியை விரலால் தடவிப் பாருங்கள். விரல் நுனியில் மஞ்சள்மா போல ஏதாவது ஒட்டினால் காரணம் இரும்புதான். அப்படியானால், பம்பியிலிருந்து வரும் குழாயைத் தாங்கிக்குள் ஆழமாக இறக்காமல், தண்ணீர் மேலிருந்து தெறித்து விழுமாறு மாற்றிவிடுங்கள். மாலையில் தாங்கியை நிரப்பி, துரு அடியில் படிந்த பிறகு காலையில் தோய்த்தால் நிலைமை பெரிதும் சீராகும். படிந்த சேற்றை அவ்வப்போது கழுவி வெளியேற்றவும் வேண்டும். உன்னிச்சைக் குளத்து நீரைச் சுத்திகரித்து வழங்கும் குழாய் இணைப்பு உங்கள் வீட்டுக்கு இருந்தால், வெள்ளை உடுப்புகளையாவது அந்தத் தண்ணீரில் தோயுங்கள்.

ஏற்கெனவே மஞ்சளான சீருடைகளை முதலில் வெறும் தண்ணீரில் இரண்டு முறை நன்றாக அலசுங்கள். பிறகு 1 லீற்றர் இளஞ்சூட்டு நீருக்கு 2 மேசைக்கரண்டி சிற்றிக் அமிலத் தூள் என்ற அளவில் கரைத்து, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, அலசியபின் வழக்கம்போல் தோயுங்கள். சிறிய புள்ளிகளுக்குத் தேசிக்காய்ச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைக்கும் அந்தக் கால முறையே போதும். முதலில் அலசச் சொன்னதற்குக் காரணம் உண்டு: வெளிற்றும் திரவமும் அமிலமும் ஒன்றுசேர்ந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரீன் வாயு வெளிவரும். தேசிக்காயோ வினாகிரியோ ஆனாலும் இதுவே நடக்கும். காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் இது விளையாட்டல்ல.

சீருடை மஞ்சளாகாமல் சாம்பல் நிறமாகிறது என்று வேறு இருவர் எழுதியிருக்கிறார்கள். அது பெரும்பாலும் கல்சியமும் மக்னீசியமும் மிகுந்த வன்னீரின் வேலை. ஒரு போத்தலில் கிணற்று நீரும் இன்னொன்றில் மழைநீரும் எடுத்து, இரண்டிலும் ஒரே அளவு சவர்க்காரச் சீவலைப் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். மழைநீர் நுரைத்துப் பொங்கும். வன்னீர் நுரையாமல் கலங்கி, மேலே ஏடு கட்டும். அந்த ஏடுதான் உடுப்பில் படிகிறது. எனவே கழுத்துப்பட்டிக்குச் சவர்க்காரக் கட்டி தேய்த்தால், இயந்திரத்தில் போடுமுன் அலசிவிடுங்கள். நீலம் போடுவது குறையைக் கண்ணுக்கு மறைக்குமே தவிர நீக்காது. எங்கள் வீட்டிலும் பல வருடங்கள் அப்படித்தான் மறைத்துக்கொண்டிருந்தோம்.

கேள்வி: கறுப்பு அபாயாக்களைத் தோய்த்துக் காயவைத்ததும் வெள்ளைக் கோடுகள் தெரிகின்றன. சலவைத்தூளின் அளவைக் கூட்டியும் பயனில்லை. (வாசகி, காத்தான்குடி)

பதில்: கூட்டியதால் கோடுகளும் கூடியிருக்கும். அவை பெரும்பாலும் கரையாமல் மடிப்புகளுக்குள் தங்கிவிட்ட தூளே. ஒரு கோட்டின்மீது ஈர விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். வழுவழுப்பாகக் கரைந்தால் அது தூள், கரையாமல் உருண்டு வந்தால் துவாயிலிருந்து ஒட்டிய பஞ்சு. தூளாக இருந்தால் பாதி அளவு போதும். அதையும் ஒரு குவளை வெந்நீரில் முழுதாகக் கரைத்து ஊற்றுங்கள், அல்லது சலவைத் திரவத்துக்கு மாறிவிடுங்கள். அபாயாக்களை உட்புறம் வெளியே வருமாறு திருப்பி, துவாய்களோடு சேர்க்காமல், குளிர்ந்த நீரில் தோயுங்கள். ட்ரம்மின் மேற்பகுதியில் உங்கள் கை தாராளமாக நுழையும் அளவுக்கு இடம் விட்டால்தான் தண்ணீர் துணிகளுக்கிடையே ஓடும்.

கேள்வி: முன்பக்கம் திறக்கும் புதிய இயந்திரத்துக்குத் தண்ணீர் நிரம்ப அரை மணி நேரம் ஆகிறது, சில நாட்களில் பிழைக்குறி காட்டி நின்றுவிடுகிறது. திருத்துநர் மோட்டாரை மாற்றச் சொல்கிறார். (வாசகர், வாழைச்சேனை)

பதில்: பணத்தைக் கொடுக்க முன்பு இரண்டு இடங்களைப் பாருங்கள். முதலாவது, தாங்கியின் உயரம். தாங்கியின் நீர்மட்டம் இயந்திரத்தின் நீர்வாயிலைவிட எத்தனை மீற்றர் உயரத்தில் இருக்கிறதோ, அதில் ஒவ்வொரு மீற்றருக்கும் ஏறத்தாழ 0.1 பார் அழுத்தமே கிடைக்கும். தாழ்வான கூரையின் மேலிருக்கும் தாங்கி 2 மீற்றர் உயர்ந்திருந்தால் 0.2 பார்தான். உங்கள் கையேட்டில் குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவென்று அச்சிட்டிருப்பார்கள். அதைவிடக் குறைவாக இருந்தால் இயந்திரம் காத்திருந்து சலித்து நின்றுவிடும். தாங்கியை உயர்த்தலாம், அல்லது சிறிய அழுத்தப் பம்பி ஒன்றைப் பொருத்தலாம்.

இரண்டாவது, இயந்திரத்தின் பின்புறம் தண்ணீர்க் குழாய் பொருந்தும் இடத்தில் இருக்கும் சிறு வலை. எங்கள் வீட்டு இயந்திரம் இதேபோல் நின்றபோது, வந்து பார்த்த ஒருவர் உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையே எரிந்துவிட்டதாகக் கூறிச் சென்றார். குழாயைக் கழற்றிப் பார்த்தால், கட்டைவிரல் நகமளவு வலை முழுவதும் மணலும் துருவும் களிபோல் அடைத்திருந்தது. பழைய பற்தூரிகையால் இரண்டு நிமிடம் தேய்த்துக் கழுவியதும் தண்ணீர் பழையபடி பாய்ந்தது. திருகுபிடியை மூடி, பிளக்கைக் கழற்றிய பின்பே இதைச் செய்யவேண்டும். மணற்கிணறு உள்ளவர்கள் மாதம் ஒருமுறை பார்ப்பது நல்லது.

கேள்வி: பிழியும் நேரத்தில் எங்கள் புதிய இயந்திரம் ஒரு முழம் நகர்ந்துவிடுகிறது. (வாசகர், அக்கரைப்பற்று)

பதில்: முன்பக்கம் திறக்கும் புதிய இயந்திரமானால், ஏற்றி இறக்கும்போது ட்ரம் ஆடாதிருக்கப் பின்புறம் முடுக்கப்பட்ட நீண்ட ஆணிகளைக் கழற்றினார்களா என்று முதலில் பாருங்கள். கழற்றியிருந்தால், நான்கு கால்களும் தரையில் ஒரேமாதிரி ஊன்றும்வரை திருகிச் சரிசெய்யுங்கள். ஒரேயொரு தடித்த கட்டில் விரிப்பைத் தனியே போட்டால் அது ஒரு பக்கமாகச் சுருண்டு இயந்திரத்தை ஆட்டும். கூடவே சில சாரங்களையும் போடுங்கள்.

கேள்வி: மருதமுனைக் கைத்தறிச் சேலையை இயந்திரத்தில் தோய்க்கலாமா? (வாசகி, கல்முனை)

பதில்: முதல் சில தடவைகள் வேண்டாம். ஈரமான வெள்ளைத் துணியால் முந்தானையின் ஓரத்தை அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் குளிர்ந்த நீரில் கையால் தனியே அலசுவதே நல்லது. சாயம் நின்ற பருத்திச் சேலையை வலைப்பையில் இட்டு, மென்மையான சுழற்சியில் தோய்க்கலாம். வேறு உடுப்பில் சாயம் இறங்கிவிட்டால், அதைக் காயவிடாமலும் இஸ்திரி போடாமலும் உடனே மறுபடி தோயுங்கள்.

கேள்வி: மாரி காலத்தில் தோய்த்த உடுப்பெல்லாம் மணக்கிறது. வாசனைத் திரவம் ஊற்றியும் போகவில்லை. (வாசகி, களுவாஞ்சிகுடி)

பதில்: கார்த்திகை, மார்கழியில் கொடியில் இரண்டு நாள் ஈரமாகத் தொங்கும் துணியில் பக்டீரியாக்கள் பெருகுகின்றன, அந்த மணம் அவற்றிலிருந்து வருவது. வாசனைத் திரவம் மணத்தை மூடுவதோடு துணியில் ஒரு படலத்தையும் விட்டுச்செல்வதால், அதை நிறுத்திவிடுங்கள். தோய்த்து முடிந்ததும் உடுப்பை ட்ரம்முக்குள் கிடக்கவிடாமல் எடுத்து, கூடுதலாக ஒருமுறை பிழியவிட்டு, ஒன்றோடொன்று ஒட்டாமல் மின்விசிறியின் கீழ் விரியுங்கள். பருத்தித் துவாய்களை 60 பாகை வெந்நீரில் தோய்த்தால் மணம் பெரும்பாலும் நின்றுவிடும்.

இயந்திரத்தையும் முகர்ந்து பாருங்கள். கதவைச் சுற்றியுள்ள றப்பர் வளையத்தின் கீழ்மடிப்பை விரலால் விலக்கினால், கறுத்த பூஞ்சணமும் தலைமயிரும் சில வேளைகளில் ஒரு ரூபாய்க் குற்றியும் அங்கே இருக்கும். அதைத் துடைத்து, சலவைத்தூள் தட்டையும் கீழுள்ள வடிகட்டியையும் கழுவி, ட்ரம்மை வெறுமையாக வைத்து மிகச் சூடான சுழற்சியில் ஒருமுறை ஓடவிடுங்கள். தோய்க்காத நேரத்தில் கதவு சற்றுத் திறந்தே இருக்கட்டும். சிறு பிள்ளைகள் உள்ள வீடானால் அந்த அறையைப் பூட்டிவையுங்கள்.

கேள்வி: ஈரக் கையால் இயந்திரத்தைத் தொட்டால் சுருக்கென்கிறது. சவர்க்கார நீரினால் இருக்குமா? (வாசகர், திருக்கோவில்)

பதில்: இல்லை, அது மின் கசிவு. உடனே பிரதான ஆளியை அணைத்துப் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். நிலத்தொடுப்பு வயர் துண்டிக்கப்பட்டிருக்கலாம், அல்லது சூடாக்கியில் ஈரம் புகுந்திருக்கலாம். 2000 வாற்று சூடாக்கி 230 வோல்ற்றில் ஏறத்தாழ 9 அம்பியர் இழுக்கும் என்பதால், 5 அம்பியர் சொக்கற்றிலோ நீட்டிப்பு வயரிலோ மாட்டியிருந்தால் அதையும் மின்னியலாளரிடம் சொல்லுங்கள். அவர் நிலத்தொடுப்பையும் ட்ரிப் சுவிச்சையும் சோதித்துச் சரி என்று சொல்லும்வரை உடுப்புகளைக் கையால் தோயுங்கள்.